கடற்காற்றும் கூறைச்சேலையும்: மன்னார்க் கல்யாண வீடுகளுக்குச் சில குறிப்புகள்

மன்னார்த் தீவிலும் அதை ஒட்டிய கரையோரத்திலும் கல்யாண உடுப்புக்கு உப்புக் காற்றும் சவர்த் தண்ணீரும் வெயிலும் ஓயாத எதிரிகள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சரிவருகிற யோசனை பல இங்கே கைகொடுக்காது. பேசாலையில் கோயில் கல்யாணம், எருக்கலம்பிட்டியில் நிக்காஹ், திருக்கேதீச்சரத்தில் தாலிகட்டு என்று சடங்கு வேறுபட்டாலும் உடுப்புக்கு வரும் தொல்லை ஒன்றுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் தோழன் தோழிகளும் அன்றைய நாளைச் சுகமாகக் கழிக்க வேண்டும். உடுத்த துணி பேரப்பிள்ளை காலம்வரை கெடாமல் இருக்கவும் வேண்டும். அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

1. நாள் குறித்த அன்றே தையல்காரரிடம் சொல்லி வையுங்கள். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் கத்தோலிக்கர் வழக்கமாகக் கல்யாணம் வைப்பதில்லை. இந்துக்கள் ஆடியையும் மார்கழியையும் விட்டுவிடுவார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளிலும் கல்யாணம் குறைவு. மிஞ்சிய மாதங்களில் எல்லோருடைய கல்யாணமும் ஒன்றாக வந்து நெருக்கும். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் தையல் கடைகளில் நிற்க இடமிராது. பெரியவர்களின் உடுப்புக்கு இரண்டு மாதம் முன்னதாக அளவு கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று வாரம் முன்பு எடுத்தால் போதும். வளர்கிற உடம்பு, முன்கூட்டி எடுத்த அளவு பிழைத்துப் போகும்.

2. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு ‘தம்பபவனி’ மின்நிலையம் 2020 டிசம்பரில் தொடங்கப்பட்டது சும்மா இல்லை. அந்த மாதங்களில் கல்யாணம் என்றால், பெண் தலையில் போடும் நீண்ட நெட்டைக் காற்று ஒரு நிமிடம்கூட ஒழுங்காக இருக்க விடாது. இதற்கு மூன்று வழி உண்டு. நெட்டை இடுப்பளவோடு நிறுத்துவது ஒன்று. நீளமாகத்தான் வேண்டுமென்றால், விளிம்பு மடிப்புக்குள் ஒரு சாணுக்கு ஒன்றாகச் சிறு பாரங்களை வைத்துத் தைப்பது இன்னொன்று. வலைக்குப் போடும் சிறிய ஈயக்குண்டு எங்கள் ஊரில் எங்கும் கிடைக்கும். ஆனால் ஈயம் வெள்ளைத் துணியில் சாம்பல் கறை வைக்கும், ஒவ்வொன்றையும் பருத்தித் துண்டில் சுற்றித்தான் தைக்க வேண்டும். பிள்ளைகளின் உடுப்பில் ஈயம் கூடவே கூடாது, வாயில் வைத்து விடுவார்கள். மூன்றாவது வழி, கோயில் வாசலில் இறங்கும்போது நெட்டின் இரு நுனியையும் பிடித்துக்கொள்ள ஒரு தோழியை முன்கூட்டியே நியமிப்பது. காசில்லாத வழி, இருப்பதில் நல்ல வழியும் அதுதான்.

3. கோயிலுக்கு வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. பல வீடுகளில் பெண் கலங்குவதும், தாய்மார் சண்டை பிடிப்பதும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மன்னாரில் கிறிஸ்தவம் வேரூன்றியது 1540களில். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் நினைவாக நிற்கும் ஆலயம் 1544இல் அவர்கள் சிந்திய இரத்தத்தைச் சொல்லுகிறது. வெள்ளைக் கல்யாண உடுப்போ ஐரோப்பாவிலேயே பொது வழக்கானது, 1840 பெப்ரவரியில் விக்டோரியா மகாராணி வெள்ளைச் சாட்டின் உடுத்து மணம் முடித்த பிறகு. அதற்கு முன் அங்கேயே பெண்கள் உள்ளதில் நல்ல உடுப்பை, எந்த நிறமானாலும், உடுத்தினார்கள். ஆகவே இந்தக் கரையில் விசுவாசம் வந்து முந்நூறு வருடம் போன பிறகே வெள்ளை வந்திருக்க வேண்டும். உள்ளூர்க் கல்யாண வழக்கங்களில் நல்லவற்றைக் காக்க வேண்டும் என்று 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் சொன்னது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதையே திருப்பிச் சொன்னது. பெண் சிவப்புக் கூறையோடு பீடத்தின் முன் நிற்க ஆசைப்பட்டால், பங்குத் தந்தையிடம் தாராளமாகக் கேளுங்கள். வெள்ளைதான் விருப்பம் என்றால் அதுவும் அழகே. தாலியோடு கூறையையும் தட்டில் வைத்து ஆசீர்வதித்து வாங்கி, வரவேற்புக்குக் கூறை மாற்றும் வழக்கம் இருக்கிறதே, அது இரண்டு ஆசையையும் நிறைவேற்றும்.

4. கூறை எடுக்கும்போது ஒரு நூலைப் பற்ற வைத்துப் பாருங்கள். கடைக்காரரைக் கேட்டு, ஓரத்துக் குஞ்சத்தில் இரண்டு இழை வாங்கினால் போதும். பட்டு மெல்ல எரியும், மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாகக் கெட்டிப்படும். பழைய கூறை என்பது மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்தது. அறுபத்து மூவரில் ஒருவரான நேச நாயனார் அந்த ஊரில் தறி போட்டு அடியார்களுக்கு நெய்து கொடுத்தவர் என்பது அவ்வூர் மரபு. இன்றைக்குக் கடையில் கூறை என்று தருவது பெரும்பாலும் காஞ்சிபுரப் பட்டு. பாரம் கூடியது, வெயிலில் வேர்க்கும். பகல் கல்யாணத்துக்குப் பட்டும் பருத்தியும் கலந்த பழைய வகை கிடைத்தால் விடாதீர்கள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அது ஓடியது. அந்த நாளில் அக்கரைக்குப் போய்ச் சேலை எடுத்து வந்த குடும்பங்களில் இன்னும் அப்படி ஒன்று பெட்டிக்குள் இருக்கலாம், அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

5. இந்துக் கல்யாணத்தில் கூறை மாற்றக் கிடைப்பது சொற்ப நேரம். மணவறையில் மாப்பிள்ளை கூறையைக் கொடுத்ததும், தோழியாக நிற்கும் மாப்பிள்ளையின் சகோதரி பெண்ணை உள்ளே அழைத்துப் போய் உடுத்திக் கூட்டி வருவார். தாலி கட்டுவது அதன் பிறகு. முகூர்த்தம் காத்திராது. முதல் நாளே தோள் மடிப்பைப் பிடித்து, மெல்லிய சூட்டில் துணி போட்டு அயன் பண்ணி, இரண்டு இடத்தில் நூலால் தளரத் தைத்து, திரும்பவும் மடித்துத் தட்டில் வையுங்கள். சபையில் தட்டுச் சுற்றி வரும்போது பார்ப்பவருக்கு அது தெரியாது. சட்டைத்துண்டை முந்தியே வெட்டித் தைத்து, பெண் அதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மாற்றும் அறையில் மின்விசிறி, நிலைக்கண்ணாடி, தண்ணீர்ப் போத்தல், ஒரு கதிரை இவ்வளவும் இருக்கட்டும். வேறு எவரையும் உள்ளே விடாதீர்கள்.

6. தோழிமாருக்கு ஒரே நிறச் சேலை எடுக்கிறீர்களா? எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கட்டிலிருந்து எடுங்கள். ஒரு வாரம் கழித்து வரும் கட்டில் சாயம் ஒரு படி மாறியிருக்கும், படத்தில் அது பளிச்சென்று தெரியும். ஒரே வெட்டுச் சட்டை எல்லோருக்கும் பொருந்தாது. நிறத்தை ஒன்றாக்கி, கையையும் கழுத்தையும் அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். தலை மூடும் தோழிக்கு உள்ளே பருத்தித் தொப்பி ஒன்று தைத்துக் கொடுத்தால், ஊசி பட்டுத் துணியைக் கிழிக்காது, வேர்வையையும் உறிஞ்சும். விக்டோரியாவுக்குப் பின்னால் 12 பெண்கள் வெள்ளை உடுத்து உடுப்பின் வாலைத் தூக்கி வந்தார்களாம். நமக்கு அத்தனை பேர் தேவையில்லை, இருவர் தாராளம். சேலைச் செலவைத் தோழி வீட்டின் தலையில் கட்டுவது மரியாதையில்லை என்பதையும் சொல்லி விடுகிறேன்.

7. பூத்தூவும் சிறுமிகளின் உடுப்பில் நைலோன் லேஸ் கழுத்திலும் கக்கத்திலும் அரித்து எடுக்கும். உள்ளே மல் துணி உள்ளாடை தைத்துப் போட்டால் பிள்ளை பூசை முடியும்வரை அழாது. கீழ் விளிம்பில் இரண்டு அங்குலம் மடித்துத் தையுங்கள், அடுத்த வருடத் திருநாளுக்கு அவிழ்த்து விடலாம். புதுச் சப்பாத்தை ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடக்க விடுங்கள்.

8. மாப்பிள்ளைக்கு முழுக் கோட் தைத்தால், முதுகுப் பக்கம் உட்துணி இல்லாமல் பாதி உட்துணியோடு தைக்கச் சொல்லுங்கள். மன்னார் வெயிலில் இது பெரிய ஆறுதல். தலைப்பாகையை வாடகைக்கு எடுத்தால் தலைச் சுற்றளவை நூலால் அளந்து கொண்டு போங்கள்; உள்ளே லேஞ்சி ஒன்றை மடித்து வைத்தால் வேர்வை நெற்றியில் வழியாது. நிக்காஹ்வுக்குப் பழைய துருக்கித் தொப்பியை எடுத்து வைக்கும் குடும்பங்கள் அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1905இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அந்தத் தொப்பியோடு வழக்குப் பேச எம். சி. அப்துல் காதருக்கு அனுமதி மறுத்தார்கள். நாடெங்கும் முஸ்லிம்கள் எழுந்து நின்று அந்த உரிமையைப் பெற்றார்கள். தொப்பியை மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டி, உள்ளே பழைய துணியைச் சுருட்டி அடைத்து வட்டப் பெட்டியில் வையுங்கள். தண்ணீர் காட்டாதீர்கள், வடிவம் குலைந்து விடும்.

9. முத்தைக் கடைசியாகப் போடுங்கள், முதலில் கழற்றுங்கள். வாசனைத் தைலம், பவுடர், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகே முத்து மாலை கழுத்துக்குப் போக வேண்டும். முத்து சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தது. புளிப்புப் பட்டால் கரையும், வேர்வையே போதும் அதன் மினுக்கத்தைக் கெடுக்க. கழற்றியதும் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒவ்வொரு மணியாகத் துடைத்து, துணி மேல் கிடத்தி உலர விடுங்கள். தொங்க விட்டால் ஈர நூல் இழுபட்டுத் தளரும். பொலித்தீன் பையில் அடைத்து வைத்தால் முத்து காய்ந்து வெடிக்கும். பருத்திப் பையில், தங்க நகை உரசாமல் தனியே வையுங்கள்.

அம்மம்மாவின் மாலை நல்ல முத்தா என்று அறிய, ஒரு மணியை முன்பல்லில் மெல்ல உரசுங்கள். முத்தென்றால் நுண்ணிய மணல் போல நறநறக்கும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். வளர்த்தெடுத்த முத்தும் இப்படியே நறநறக்கும், ஆகையால் கடல் முத்தா என்பதை நகைக்காரரிடம் கேட்டே அறிய வேண்டும். பழைய மாலையில் அளவு ஒவ்வாத, சற்று மஞ்சள் பாய்ந்த சிறு முத்துகள் இருந்தால் கவனியுங்கள். அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக் குளித்த காலத்தின் எச்சமாக அது இருக்கக் கூடும். அந்தக் குளிப்பை மேற்பார்க்கவே ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் அரிப்பில் மாளிகை கட்டினார். இப்போது அதைக் கடல் அரித்துக் கொண்டிருக்கிறது. 1905இல் பெருங்குளிப்பு நடந்தது. மறுவருடம் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். சில வருடத்திலேயே சிப்பி அற்றுப் போயிற்று. அப்படி ஒரு மாலை உங்கள் வீட்டில் இருந்தால் வருடத்துக்கொரு முறை நூலைப் பாருங்கள். மணிகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால் நூல் தளர்ந்து விட்டதென்று பொருள். பட்டு நூலில், ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஒரு முடிச்சுப் போட்டுக் கோர்க்கக் கேளுங்கள். அறுந்தாலும் ஒரு முத்துத்தான் விழும், ஒன்றோடொன்று உரசவும் மாட்டாது.

10. தாலி செய்யக் கொடுக்கும்போது பழைய மாதிரியைக் கையில் கொண்டு போங்கள். 1704இல் பாண்டிச்சேரியில் ரோமைத் தூதர் தூர்னோன், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்று கட்டளையிட்டு, சிலுவை பொறித்ததற்கு இடம் கொடுத்தார். சிலுவைத் தாலியின் பின்னால் இத்தனை நீண்ட வழக்கு இருக்கிறது. மஞ்சள் கயிற்றில் கட்டுகிறவர்கள் கயிற்றை இரண்டு நாள் முன்பே மஞ்சளில் தோய்த்து நிழலில் உலர்த்தி, பழைய துணியால் உருவித் துடைத்து வையுங்கள். ஈரக் கயிறு வெள்ளைச் சட்டைக் கழுத்தில் வைக்கும் கறை இலேசில் போகாது.

11. இரும்பு ஊசி வேண்டாம். உப்புக் காற்றில் ஒரே இரவில் துருப்பிடித்து, வெள்ளைச் சேலையில் செம்புள்ளி வைத்துவிடும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கில் செய்த சேப்டி பின் வாங்குங்கள். குத்துமிடத்தில் துணிக்கு அடியில் சின்னப் பஞ்சுத் துண்டு வைத்தால் பட்டு கிழியாது. கல்யாணம் முடிந்த அன்றிரவே எல்லா ஊசியையும் கழற்றி எண்ணிப் பாருங்கள்.

12. பந்தியில் கறை பட்டால்:
மஞ்சள் கறைக்குச் சவர்க்காரம் போடாதீர்கள், சிவந்து போகும். பருத்தி வேட்டி என்றால் தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள், வெயில் மஞ்சளைத் தின்னும். பட்டை வெயிலில் போடக் கூடாது.
எண்ணெய், இறைச்சிக் கறி பட்டால் தேய்க்காமல் முகப்பவுடரை அள்ளிக் கொட்டி, அரை மணி நேரம் விட்டுத் தட்டுங்கள்.
குங்குமம் உதிர்ந்தால் கை வைக்காமல் வாயால் ஊதுங்கள்.
வெள்ளைப் பருத்தியில் துருக்கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயில். பட்டில் இதைச் செய்யவே வேண்டாம்.
மல்லிகையைச் சரிகை மேல் தொங்க விடாதீர்கள். வாடிய பூவின் சாறு கறுப்பாகப் பிடிக்கும்.

13. வெள்ளை உடுப்பைத் தீவுக் கிணற்றுத் தண்ணீரில் அலசி முடித்தால் துணி மொரமொரத்து, வெள்ளை பழுப்பேறும். சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, படிந்து நிற்கும். கழுவுவதற்குக் கிணற்று நீர் ஆகலாம். கடைசி இரண்டு அலசலுக்கு மழைநீரோ குடிக்கிற தண்ணீரோ எடுங்கள். பட்டுக் கூறையை வீட்டில் நனைக்காதீர்கள், நல்ல லோண்டரிக்குக் கொடுங்கள்.

14. வெள்ளையைக் கழுவாமல் பெட்டிக்குள் வைப்பதுதான் பெருங்கேடு. அன்றைக்குத் துணியில் பட்ட சோடாவும் கேக் இனிப்பும் வேர்வையும் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் மஞ்சள் தேமலாக வெளியே வரும். அப்போது எதனாலும் போகாது. கழுவி, நன்றாக உலர்த்தி, கஞ்சி போடாமல், பழைய வெளுத்த பருத்திச் சேலையில் சுற்றி வையுங்கள். கஞ்சிக்குப் பூச்சி வரும். கடை கொடுத்த பொலித்தீன் உறையை உடனே எறிந்து விடுங்கள்.

15. கூறையை மடித்து வைப்பதைவிடச் சுருட்டி வைப்பது நல்லது. பழைய கூறை ஒன்றை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: மடிப்பு விழுந்த கோடு முழுதும் ஊசி முனை அளவு ஓட்டைகள் நிரையாக நிற்கும், அந்த இடத்துச் சரிகையில் தங்கம் தேய்ந்து உள்ளே ஓடும் சிவப்பு நூல் வெளியே தெரியும். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த வினை அது. ஒன்றரை முழத் தடி அல்லது பிளாஸ்டிக் குழாய் எடுத்து, பருத்தித் துணி சுற்றி, சேலையை இரண்டாக மட்டும் மடித்துச் சரிகை உட்பக்கமாக வரும்படி தளரச் சுருட்டுங்கள். மேலே இன்னொரு பருத்தித் துணி. இடமில்லாதவர்கள் மடித்தே வைக்கலாம், மூன்று மாதத்துக்கொரு முறை மடிப்பை இடம் மாற்றினால் போதும். வாடைக் காலத்து ஈரம் அடங்கி வெயில் வந்த தை மாதத்தில் நிழலில் ஒரு மணி நேரம் விரித்து வையுங்கள்.

பூச்சி உருண்டையைச் சரிகையில் பட வைக்காதீர்கள். உலர்ந்த வேப்பிலை, வசம்பு, கராம்பு இவற்றைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைத்தால் போதும். இரண்டு சோக்கட்டிகளும் வையுங்கள், ஈரத்தை இழுக்கும். பெட்டி என்றால் பனையோலைப் பெட்டியைத்தான் சொல்வேன். காற்று உள்ளே போய் வரும், ஓலைக்கும் துணிக்கும் இடையில் ஒரு பருத்தி விரிப்பு மட்டும் போடுங்கள். தரையில் வைக்காதீர்கள், கறையான் ஏறும்.

16. உடுப்போடு ஒரு சீட்டு வையுங்கள். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் என்று மன்னார் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது கைக்கு அகப்பட்டதைத்தான் எடுத்தார்கள். போரில் மடுவுக்கும் இந்தியாவுக்கும் ஓடிய தமிழ்க் குடும்பங்களும் அப்படியே. அலுமாரியில் இருந்த கல்யாணச் சேலை எத்தனை வீட்டில் போயிற்று! தப்பி வந்த ஒரு துணி கிடைத்தால் அது யாருடையது என்று சொல்லவும் சில வீட்டில் ஆள் இல்லை. வெள்ளை நாடா ஒன்றில் பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், திகதி, கோயில் அல்லது பள்ளிவாசல், சேலை எங்கே எடுத்தது, யார் தைத்தது இவ்வளவையும் நூலால் எழுதிச் சட்டையின் உட்பக்கத்தில் தைத்து விடுங்கள். பேனா மை பரவும், ஊசி நூலே நல்லது. கல்யாணப் படத்தைத் தொலைபேசியில் எடுத்து வெளியூரில் இருக்கும் சொந்தத்துக்கும் அனுப்பி வையுங்கள். அந்த உடுப்பு அணிந்தவரின் முகம் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

17. வெள்ளை உடுப்பை இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்க மனம் இருக்கிறவர்கள் தைக்கும்போதே அதை நினைத்துத் தைப்பியுங்கள். பக்கத் தையலில் ஒவ்வொரு புறமும் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். கையை உடம்போடு சேர்க்கும் தையலையும் எளிதில் அவிழ்க்கும்படி ஒற்றை ஓட்டமாக வைக்கச் சொல்லுங்கள். மணிகளையும் கற்களையும் ஒட்டுப் பசையால் ஒட்டாமல் தைக்கச் சொல்லுங்கள். பசை வெயிலில் இளகி மஞ்சளாகும். மிஞ்சிய லேஸ், இரண்டு பொத்தான், அதே நூல் ஒரு உருண்டை, இவற்றைச் சிறு பையில் போட்டு உடுப்போடேயே வையுங்கள். அடுத்து உடுத்துபவளின் தையல்காரருக்கு முதலில் தேவைப்படுவது அவைதான்.